சின்னப் பிரபுவின் பாதம்

சாவு மணி அடித்தபோது வித்கோ பின்னறைச் சுவருக்குக் காரை பூசிக்கொண்டிருந்தான். முதல் மணியைக் கேட்டதும் ஊரில் யாரோ கிழவர் போய்விட்டார் என்று நினைத்தான். மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, பூசிய பாதிச் சுவரையும் பூசாத பாதிச் சுவரையும் பார்த்தபடி நின்றான்.

அவன் மனைவி தோப்ரா வாசலிலிருந்து ஓடிவந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம். அதனால் அவள் கண்ணீரில் எவ்வளவு பிரபுவுக்கு, எவ்வளவு வெங்காயத்துக்கு என்று சொல்ல முடியவில்லை.

"பிரபு போயிட்டாருங்க! வாத்து வேட்டைக்குப் போயி சதுப்புல நனைஞ்சிட்டு வந்தாராம். மூணே நாள் ஜுரம். மகராசன், எவ்வளவு பெரிய உடம்பு!"

வித்கோ இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் ஒரு ஆள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஊரில் சொல்வார்கள். தோப்ரா வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"எத்தனை வயசு?" என்றான் கடைசியில்.

"அம்பத்தி நாலோ அஞ்சோ."

"அவருக்கு இல்ல. பையனுக்கு."

"பெர்னார்தினுக்கா? அறுவடையப்பதான் நாலு முடிஞ்சுது..." அதோடு அவளும் நிறுத்திக்கொண்டாள். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் சுவரைப் பார்த்தார்கள்.

கோஸ்லிக் ஊரில் நிலத்தையும் துணியையும் அளப்பது பிரபுவின் காலால்தான். கோயில் வாசல் தூணில் அவருடைய வலது பாதம் செதுக்கப்பட்டிருக்கும். அதன் நீளம்தான் ஊருக்கு ஓரடி. ஒரு பிரபு இறந்த பத்தாம் நாள், மதிய மணிக்கு முன்னால், புதிய பிரபு கோயில் வாசலில் ஈரக் காரையில் கால் பதிப்பார். அந்தத் தடத்தை ஊர்க் கல்தச்சன் அளந்து தூணில் வெட்டுவான். பழைய பாதத்தின் மேல் உளியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அது செல்லாது. பிறகு ஊர் எல்லை முழுவதையும் புதிய அடியால் அளப்பார்கள். வழக்கமாக ஒரு விரலோ அரை விரலோதான் வித்தியாசம் வரும். நாலு வேலி நகரும், ரெண்டு சண்டை நடக்கும், சாயங்காலம் ஒரு குடம் ஒயினோடு எல்லாம் அடங்கிவிடும்.

இறந்துபோனவருக்குப் பெரிய கால். வாத்துக்காலர் என்று ஊரே அன்போடு சொல்லும். அந்தக் காலைச் செதுக்கியது வித்கோவின் அப்பா. அதற்குச் சன்மானமாக ஊர் மதிலோரத்தில் இடம் கிடைத்தது, மதிலிலிருந்து நாற்பது அடி. அதற்கு அப்பால் கோட்டை அகழி வரைக்கும் துணிக்கடை லோவ்ரோவின் கோழித் தோட்டம்.

அப்பா முன்பக்கம் ஒரு பட்டறை மட்டும் போட்டார். அடுப்பங்கரை வித்கோ கட்டியது. போன வருஷம் இந்தப் பின்னறையை எடுத்தான். அதன் கடைசிச் சுவர் சரியாக நாற்பதாவது அடியில் நின்றது. நூல் பிடித்துக் கட்டினான். ஒரு விரல் இடம்கூட வீணாக்கவில்லை என்று பெருமை வேறு. அப்பாவுக்குப் பிறகு ஊர்க் கல்தச்சனாகி, ஊருக்கெல்லாம் எல்லை அளந்து கொடுத்தவன், பிரபுவும் ஒருநாள் சாவார் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டான்.

மறுநாள் ஊர் முழுக்கப் பயத்தில் கிடந்தது. ஆனால் பயத்தை ரசித்துப் பேசிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல வேண்டும். ஒயின் கடையில் ஒரு கூட்டம், பிள்ளை ஆளுகிற ஊரைத் துருக்கர் விட்டுவைக்க மாட்டார்கள் என்றது. இன்னொரு கூட்டம், துருக்கர் வருவதற்குள் வெனிஸ்காரன் கப்பலோடு வந்துவிடுவான் என்றது. கிணற்றடியில் பெண்கள், பையனுடைய சித்தப்பாதான் ஆபத்து என்று முடிவு செய்தார்கள். அவருக்குப் புருவம் இரண்டும் ஒட்டியிருந்தது. பையனின் தாய் இசோட்டா அம்மாள் கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்கே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். இதை யாரும் யோசிக்கவில்லையே என்று எல்லோருக்கும் அவள்மீது கொஞ்சம் பொறாமை வந்தது.

வித்கோ இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஒரு நூலை எடுத்துக்கொண்டு லோவ்ரோவின் வீட்டுக்குப் போனான். லோவ்ரோவின் கடைக்குட்டி யெல்காவுக்கும் நாலு வயது. அவள் முற்றத்தில் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். வித்கோ அவள் முன் குந்தி உட்கார்ந்து, அவள் பாதத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டான்.

"என்ன மேஸ்திரி, எம் பொண்ணுக்குச் செருப்புத் தைக்கப் போறியா?" லோவ்ரோ கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். குட்டையான ஆள். சிரித்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும்.

வித்கோ எழுந்தான். நூலைப் பைக்குள் போட்டான்.

"சொல்ல வேணாம். நானே சொல்றேன். நேத்தே நான் அளந்துட்டேன். பழைய அடியில பாதி, அதுக்கு மேல ஒரு விரல். உன் நாப்பது அடி இப்ப என்ன ஆகும் தெரியுமா? இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு. மிச்சம் யாருக்கு?" தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "கோவிச்சுக்காத மேஸ்திரி. நான் கேட்டு வாங்கலையே. கடவுள் கொடுக்கறாரு."

"என் பின்னறையை என்ன பண்ணுவ?"

"கோழிக்குத்தான். நல்ல காத்தோட்டமா கட்டியிருக்க."

வித்கோ வீட்டுக்கு வந்து நூலைப் பிடித்து அளந்தான். கரித்துண்டால் தரையில் கோடு போட்டான். கோடு அடுப்பங்கரைக்குள் நுழைந்து, அடுப்புக்கும் சட்டிப் பலகைக்கும் நடுவே போனது. தோப்ரா உள்ளே வந்து, கோட்டின் மேல் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக நின்றாள்.

"இப்ப நான் யாரு வீட்ல நிக்கிறேன்?"

"இடது கால் நம்ம வீடு."

"அப்ப அடுப்பு நமக்கு, சட்டி லோவ்ரோவுக்கா?" சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "சட்டியை எடுத்து இந்தப் பக்கம் வச்சுக்கலாம். படுக்கையை எங்கங்க வைக்கிறது? பட்டறையில கல்லு மேல படுக்கிறதா?"

வித்கோ கோட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"அவன் கடையில துணி வாங்கறவங்களை நெனச்சுப் பாருங்க. இனிமே ஓரடித் துணி வாங்கினா மூக்கைத் துடைக்கலாம். அதுவும் ஒரு மூக்குத் துவாரத்தை." அவள் இடுப்பில் கைவைத்தாள். "இந்தாங்க, காரை கலக்கப் போறது நீங்கதானே? கொஞ்சம் தண்ணியாக் கலக்குங்க. சின்னப் புள்ள கால், வழுக்கிட்டுப் போகும். தடம் நீளமா விழும். அதைத்தானே அளக்கப் போறீங்க?"

வித்கோ ஒன்றும் சொல்லவில்லை. அவள் திருப்தியாக அடுப்பை மூட்டினாள்.

சாயங்காலம் லோவ்ரோ ஒரு சுருள் நீலக் கம்பளித் துணியோடு வந்தான். "ஒண்ணும் பெரிய உதவி இல்ல மேஸ்திரி. காரையைக் கெட்டியாப் பெசஞ்சுக்க. தடம் சுத்தமா விழணும் பாரு. அதான் நியாயம்." வித்கோ துணியைத் திருப்பி லோவ்ரோவின் கையில் வைத்தான். பெருந்தன்மையால் மறுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு லோவ்ரோ சந்தோஷமாகப் போனான்.

அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. கம்பளி விற்பவர்களும் அகழியோரக்காரர்களும் சின்ன அடி கேட்டார்கள். துணி வாங்குபவர்களும் மதிலோரக்காரர்களும் பெரிய அடி கேட்டார்கள். ஒருவர் உப்புக்கண்டம் கொண்டுவந்தார், ஒருவர் ஆட்டுப் பாலாடைக்கட்டி, ஒருத்தி உலர்ந்த அத்திப்பழக் கோவை. வித்கோ எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான், வாயைத் திறக்காமல். அவன் முடியாது என்று சொல்லாததால் இரண்டு கட்சியுமே அவன் தங்கள் பக்கம் என்று நம்பியது. ஊரில் அந்த வாரம் நிம்மதியாக இல்லாதவன் அவன் ஒருவன்தான்.

ஒருநாள் காலையில் கல் வெட்டுக் குழிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தான். கீழே கடல் தெரிந்தது. கப்பல் எதுவும் இல்லை. மற்றவர்கள் துருக்கருக்குப் பயப்படும்போது தான் ஒரு சட்டிப் பலகைக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு தோன்றியது: துருக்கரைப் பற்றிப் பேசுகிறவனும் தன் வீட்டு அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறான். அடுப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் துருக்கர் என்கிறான்.

காரையைத் தண்ணீராகக் கலக்குவது சுலபம். அரைக் குவளை அதிகம் ஊற்றினால் போதும். யாருக்கும் தெரியாது. ஆனால் வழுக்கிய தடத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். அதைத் தூணில் வெட்டியும் விட்டால், கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அது அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு ஒரு விரல்கூடத் தப்பாக வெட்டத் தெரியாது. இவனுக்கும் தெரியாது. அதுதான் சங்கடம்.

பத்தாம் நாள் விடிந்ததும் காரை கலந்தான். மணல் மூன்று, சுண்ணாம்பு ஒன்று. தண்ணீர் எப்போதும் எவ்வளவோ அவ்வளவு. கோயில் வாசலில் ஒரு மரச் சட்டத்துக்குள் கொட்டிப் பரப்பி, கரண்டியால் தேய்த்து மட்டமாக்கினான். பக்கத்தில் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்தான். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. லோவ்ரோ முதல் வரிசையில், புதுத் தொப்பியோடு.

கோட்டைப் பக்கமிருந்து ஊர்வலம் வந்தது. முன்னால் பங்குச் சாமியார். பின்னால் கறுப்பு உடையில் இசோட்டா அம்மாள். அவருக்கு முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் நடந்து வந்தது. பெரிய வேட்டை பூட்ஸ். அவை இரண்டும் நடந்து வரும் வழியில் ஒரு பிள்ளையையும் மேலே சுமந்து வருவதுபோல இருந்தது. புதிய பிரபு பெர்னார்தினுக்குப் பூட்ஸ் தொடை வரை ஏறியிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டு கையாலும் பூட்ஸைத் தூக்கி வைத்தான்.

"அது வாத்துக்காலரோட பூட்ஸு இல்ல?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"அடக்கம் முடிஞ்ச நாள்லேர்ந்து கழட்டலையாம். தூங்கறப்பவும் போட்டுக்கிட்டுத்தான் தூங்குதாம் புள்ள."

காரைச் சட்டத்துக்கு முன் வந்ததும் சாமியார் குனிந்தார். "கண்ணு, பூட்ஸைக் கழட்டுவோமா? காலை இதுல வைக்கணும். சில்லுனு நல்லா இருக்கும்."

"மாட்டேன்."

"அத்திப்பழம் தரேன்."

பெர்னார்தின் அத்திப்பழத்தை வாங்கித் தின்றான். "மாட்டேன்."

"பெர்னார்தின்," என்றார் தாய். ஊர்ப் பேச்சு அவருக்கு இன்னும் முழுதாகப் படியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஈரத் துணியைப்போல உதறித்தான் போடுவார். "கழட்டு. மணி அடிச்சிடும். அடிச்சிட்டா நீ பிரபு இல்ல." அவர் கண் கூட்டத்தை ஒருமுறை சுற்றி வந்ததை வித்கோ பார்த்தான். ஊருக்கு இந்த அம்மாள்மேல் பயம் என்றால், அம்மாளுக்கும் ஊர்மேல் அதே அளவு பயம்.

"கழட்டினா எடுத்துக்குவீங்க," என்றான் பெர்னார்தின். உதடு பிதுங்கியது. "சட்டையைக் கேட்டேன். அப்பாகூடப் பொட்டியில வச்சுட்டீங்க. கத்தியையும் வச்சுட்டீங்க."

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மரக் குதிரை தருவதாகச் சொல்லுங்கள், பயமுறுத்துங்கள், பாட்டுப் பாடுங்கள். ஒருத்தி பாடவும் ஆரம்பித்துவிட்டாள். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். அத்தனை சத்தத்தில் வித்கோ ஒருவன்தான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் இரண்டும் டொக்கு டொக்கென்று அவன் பக்கமாக நகர்ந்து வந்து நின்றன.

வெகுநேரம் இருவரும் காரையைப் பார்த்தார்கள்.

"இது என்ன?"

"காரை."

"எங்க அப்பா இதுல கால் வச்சாரா?"

வித்கோ தூணைக் காட்டினான். பெர்னார்தின் தூண் அருகே போய், செதுக்கிய பாதத்துக்குள் கையை விட்டுப் பார்த்தான். ஐந்து விரல் குழியிலும் ஒவ்வொன்றாகத் தன் விரலை வைத்தான். "பெருசு," என்றான், ரொம்பத் திருப்தியாக. பிறகு திரும்பி வந்தான். யாரும் தடுப்பதற்குள் பூட்ஸ் காலோடு காரைக்குள் பொத்தென்று இறங்கினான்.

கூட்டம் ஆவென்றது. காரை தெறித்து லோவ்ரோவின் புதுத் தொப்பியில் விழுந்தது.

"செல்லாது!" என்று லோவ்ரோ கத்தினான். "வெறுங்காலுதான் வைக்கணும்! இது காலே இல்ல, தோலு!"

"வழக்கத்துல எங்க சொல்லியிருக்கு வெறுங்காலுன்னு?" மதிலோரக்காரர் ஒருவர் எகிறினார். "பிரபு காலை வைக்கணும். வச்சாரு. முதல்ல விழுந்த தடம்தான் தடம்!"

வித்கோவின் கண் தன்னையறியாமல் தடத்தை அளந்துவிட்டது. பூட்ஸ் தடம் பழைய அடியைவிட ஒன்றரை விரல் நீளம். நாற்பது அடிக்கு அறுபது விரல். லோவ்ரோவின் கோழிக்கூடு முழுவதும், அதற்குப் பக்கத்திலிருந்த மாதுளை மரமும் வித்கோவின் எல்லைக்குள் வந்து சேர்ந்துவிடும். லோவ்ரோவும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். அவன் முகம் காரையின் நிறத்துக்கு வந்தது.

"எங் கோழிக்கூடு!"

"நல்ல காத்தோட்டமா கட்டியிருக்கியாமே," என்று பின்னாலிருந்து தோப்ராவின் குரல் வந்தது.

அப்போது பெர்னார்தின் வெளியே வரப் பார்த்தான். பூட்ஸ் வரவில்லை. காரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இழுத்தான், இன்னும் இழுத்தான். வலது கால் மட்டும் பூட்ஸிலிருந்து சளக்கென்று உருவிக்கொண்டு வெளியே வந்தது. தடுமாறி விழப்போனவன் அந்தக் காலை ஊன்றினான். பூட்ஸுக்குப் பக்கத்தில், ஈரக் காரையில், ஒரு சின்னஞ்சிறு வெறுங்கால் தடம். ஐந்து விரலும் பட்டாணிபோலத் தெளிவாக விழுந்திருந்தன.

"வச்சுட்டாரு!" லோவ்ரோ தொப்பியைத் தூக்கி எறிந்தான். "எல்லாரும் பாத்தீங்க! வெறுங்காலு! பிரபு வாழ்க!"

"முதல் தடம் பூட்ஸு!"

"பூட்ஸு யாருது? செத்தவருது!"

"உங்க அப்பன் சட்டையை நீ போட்டா அது உன்னுது இல்லாம யாருது?"

வித்கோ எதையும் கேட்கவில்லை. சுண்ணாம்பு பிள்ளையின் தோலைச் சுடும் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. பெர்னார்தினை மற்ற பூட்ஸிலிருந்தும் உருவித் தூக்கித் தன் முழங்காலில் உட்கார்த்திக்கொண்டு, அந்தக் காலை வாளியில் முக்கிக் கழுவினான். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தான். பையன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். பத்து நாளாக அவனைத் தூங்கவிடாத பாதம் அவன் உள்ளங்கைக்குள் அடங்கியது. குளிர்ந்து, ஈரமாக, ஒரு குட்டி மீனைப்போல. வித்கோவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. இதற்கா?

"மேஸ்திரி." இசோட்டா அம்மாள் மிக அருகில் நின்றார். "சாமியார் சொல்றாரு, முடிவு கல்தச்சனுதுன்னு. எந்தத் தடத்தை வெட்டப் போறீங்க?"

ஒரு பக்கம் மாதுளை மரமும் கோழிக்கூடும். இன்னொரு பக்கம் தரையில் போட்ட கரிக்கோடு. நடுவில் வித்கோ, மடியில் பிரபுவை வைத்துக்கொண்டு. அவன் யோசித்தான். சாமியார் சூரியனைப் பார்த்தார். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவன் கையை மாற்றிக்கொண்டான். யாரோ ஒருவர், "நான் போயி சாப்பிட்டுட்டு வந்துடறேன்," என்று முணுமுணுத்தார். இரண்டு மூன்று பேர் சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"இந்தச் சின்னத் தடம் பிரபுவோடதுதான்," என்றான் வித்கோ. லோவ்ரோ வாயைத் திறந்தான். "ஆனா அவர் வைக்கணும்னு வைக்கல. விழாம இருக்க ஊனினாரு." லோவ்ரோ வாயை மூடினான்.

"பூட்ஸுத் தடம், அவர் வைக்கணும்னுதான் வச்சாரு. ஆனா கால் அவரோடது இல்ல. அவங்க அப்பாவோடது." மதிலோரக்காரர்கள் முகம் சுருங்கியது.

மறுபடி ஒரு இடைவெளி. சின்ன இடைவெளிதான்.

"இன்னிக்கு இவரு வச்சது அப்பா காலைத்தான். அந்தக் கால் ஏற்கெனவே தூண்ல இருக்கு. எதுக்குத் திருப்பி வெட்டணும்? பழைய அடியே இருக்கட்டும். இந்தப் பூட்ஸு இவருக்குச் சரியா வர்ற அன்னிக்குக் கழட்டச் சொல்லுங்க. அன்னிக்கு வெட்டறேன்."

கூட்டம் இதை வாயில் போட்டு மென்று பார்த்தது. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. யாரும் எதையும் இழக்கவுமில்லை. பத்து நாளாகப் பயந்து பயந்து களைத்திருந்தவர்களுக்கு அது நல்ல பேரமாகத் தோன்றியது.

"உன் கோழிக்கூட்டை விட்டுக் கொடுக்கறான்யா!" என்று லோவ்ரோவின் விலாவில் ஒருவர் குத்தினார்.

"அவன் அடுப்பங்கரையை நானும்தானே விட்டுக் கொடுக்கறேன்," என்றான் லோவ்ரோ. தொப்பியைத் தேடி எடுத்தான்.

இசோட்டா அம்மாள் தூணில் இருந்த பெரிய பாதத்தைப் பார்த்தார். தன் கணவரின் காலை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். அதன் மேல் யாரும் இன்றைக்குக் கோடு இழுக்கப் போவதில்லை. "அப்படியே எழுதுங்க," என்றார் சாமியாரிடம். அந்தச் சொற்களை அவர் உதறவில்லை, மெல்ல வைத்தார். மதிய மணி அடித்தது.

"எங் கால் எங்க?" பெர்னார்தின் வித்கோவின் தாடியைப் பிடித்து இழுத்தான். "எனக்கும் தூண்ல வேணும்."

"வருஷா வருஷம் இதே நாள் வந்து அந்தக் குழியில கால் வச்சுப் பாருங்க. என்னிக்கு நிறையுதோ அன்னிக்குச் சொல்லுங்க."

"நாளைக்கா?"

"நாளை இல்ல. அதுக்கு அடுத்து."

பையன் அதை ஏற்றுக்கொண்டான். பூட்ஸ் இரண்டையும் வித்கோ காரையிலிருந்து பிடுங்கி, கழுவி, அவனிடமே கொடுத்தான். யாரும் அதை எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு பெர்னார்தின் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றான். வித்கோ கரண்டியை அவன் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டான். இருவருமாகச் சேர்ந்து காரையைத் தேய்த்தார்கள். பூட்ஸ் தடம் போனது. பட்டாணி விரல்களும் போயின. கோஸ்லிக்கில் ஒரு பிரபு ஆட்சிக்கு வந்ததும் செய்த முதல் வேலை அது. இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும் என்று அடம்பிடித்தவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மிச்சக் காரையை வித்கோ வாளியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நேராகப் பின்னறைக்குப் போய், பத்து நாளாக நின்றுபோயிருந்த சுவரைப் பூசத் தொடங்கினான். ஜன்னலுக்கு வெளியே லோவ்ரோவின் தலை எழுந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா மேஸ்திரி? பூட்ஸுத் தடம்னு நீ சொல்லியிருந்தா யாரும் மறுத்திருக்க முடியாது. எதுக்கு விட்டே?"

வித்கோ ஒரு கரண்டி காரையை அப்பினான். தேய்த்தான். ஓரத்தைச் சரி செய்தான். லோவ்ரோ பொறுமையாக நின்றான்.

"உன் சேவல் விடியறதுக்கு முன்னாடியே கத்துது. அது உன் வீட்லயே இருக்கட்டும்."

லோவ்ரோவின் வயிறு ஜன்னல் கட்டையில் மோதிமோதிச் சிரித்தது. போகும்போது ஆறு முட்டையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். இந்த முறை வித்கோ திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுப்பங்கரையில் தோப்ரா ஈரத் துணியால் கரிக்கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் ஒரு கூடையை எடுத்து, ஆட்டுப் பாலாடைக்கட்டி ஒன்றை இலையில் சுற்றி அதில் வைத்தாள்.

"யாருக்கு?" என்றான் கரண்டியும் கையுமாக உள்ளே வந்த வித்கோ.

"கோட்டைக்குத்தான். புள்ள ரொம்ப மெலிஞ்சு கெடக்குது. அவங்க ஊர்க்காரி சமையல்ல என்ன இருக்கும், வெறும் கீரை." அவள் கூடையின் கைப்பிடியைச் சரிசெய்தாள். "காலு நல்லா வளரணுமில்ல. இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம்தானே இருக்கு. அவங்க அப்பா அளவுக்கு வந்துட்டா நமக்குக் கவலை இல்ல. வாரா வாரம் அனுப்பலாம்னு இருக்கேன்."

வித்கோ கரண்டியைக் கீழே வைத்தான். கூடையைப் பார்த்தான். பிறகு தூரத்தில், நாற்பதாவது அடியில், ஈரம் மின்னிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தான். தோப்ரா காத்திருந்தாள்.

"ரெண்டா வை," என்றான்.